ஏழாம் பொருத்தம், ஒரே வீடு: பிரிட்டிஷ் சிட்காம் ஜோடி எப்படி ஓடுகிறது

கேள்வி இது: சேர்ந்து எழுதும் இரண்டு எழுத்தாளர்கள், குணத்தில் ஏழாம் பொருத்தம், ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். இதை வைத்துப் பழைய பிரிட்டிஷ் சிட்காம் (அரை மணி நகைச்சுவைத் தொடர்) பாணியில் ஆறு எபிசோட் எழுத இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் இரண்டு எபிசோட் மளமளவென்று வந்துவிட்டது. மூன்றாவது நகரவில்லை. கோளாறு எங்கே, எதைப் பார்த்துக் கற்பது, இருவர் சேர்ந்து எழுதுவதற்கு முறை ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது எபிசோடில் நின்றுவிட்டால் வசனத்தைத் திருத்திப் பயனில்லை. முதல் இரண்டு எபிசோடை ‘இவன் சுத்தக்காரன், அவன் குப்பை’, ‘இவன் சேமிப்பவன், அவன் ஊதாரி’ என்ற வித்தியாசத்தை வைத்தே ஓட்டிவிடலாம். மூன்றாவதில் பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி வரும்: இவ்வளவு ஒத்துவராதவர்கள் ஏன் தனித்தனியாக வீடு பார்த்துக்கொண்டு போகவில்லை? இதற்கு உங்கள் ஸ்கிரிப்டில் பதில் இல்லை என்றால் அதற்குமேல் வரும் எந்தச் சண்டையும் வெறும் வாய்த்தகராறுதான். குணவித்தியாசத்தை அரை மணி நேரத்தில் யோசித்துவிடலாம். பிரிய முடியாத காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதை இந்தப் பதிலில் பூட்டு என்று சொல்கிறேன்.

இதற்குப் பாடமாக எடுக்க ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’னைவிட நல்ல தொடர் கிடையாது. எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன். இருவரும் 1948-ல் சர்ரே மாவட்டத்து மில்ஃபோர்ட் காசநோய் சானடோரியத்தில் நோயாளிகளாகச் சந்தித்தவர்கள். அப்போது இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கிருந்த நோயாளிகளுக்கான வானொலிக்கு எழுதத் தொடங்கி, 1954 முதல் காமெடியன் டோனி ஹான்காக்கின் வானொலித் தொடரையும் பிறகு தொலைக்காட்சித் தொடரையும் எழுதினார்கள். 1961-ல் ஹான்காக் அவர்களை விட்டுப் பிரிந்தார். பி.பி.சி. அதிகாரி டாம் ஸ்லோன் பத்து தனித்தனி அரை மணி நாடகங்களை எழுதித் தரச் சொன்னார். ‘காமெடி ப்ளேஹவுஸ்’ என்ற அந்த வரிசையில் நான்காவதாக வந்த ‘தி ஆஃபர்’தான் பிறகு ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரானது. ஒளிபரப்பான நாள் 1962 ஜனவரி 5.

லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கிப் பிழைக்கும் அப்பாவும் மகனும்தான் கதை. நம்மூர்க் காயலான் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஹெரால்டுக்குப் புத்தகம், ஒயின், இசை என்று மேல்தட்டு ஆசைகள். அப்பா ஆல்பர்ட் அழுக்கு, தந்திரம், பிடிவாதம். தனக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, போகப்போகிறேன் என்று ஹெரால்ட் தன் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பா மறுக்கிறார். சரி, நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று வண்டியைப் பிடிக்கிறான். வண்டி நகரவே இல்லை. தள்ளிப் பார்க்கிறான், கெஞ்சுகிறான், கடைசியில் உடைந்து அழுகிறான். அப்பா அவனை டீ குடிக்க உள்ளே கூட்டிப்போகிறார்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஹெரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட் நிஜமாகவே கண்ணீர் விட்டு நடித்ததைப் பார்த்தபோதுதான், காமெடியனுக்கு எழுதுவதும் நடிகருக்கு எழுதுவதும் வேறு என்று எழுதியவர்களுக்கே புரிந்தது. பி.பி.சி. இதைத் தொடராக்கச் சொன்னபோது முதலில் மறுத்தார்கள். பிறகு, அந்த இரண்டு நடிகர்களும் சம்மதித்தால் எழுதுகிறோம் என்றார்கள். நடிகர்கள் சம்மதித்தார்கள். 1962 முதல் 1965 வரையும், 1970 முதல் 1974 வரையும் எட்டு சீசன் ஓடியது. 1964 பொதுத்தேர்தல் நாளில் இதன் மறு ஒளிபரப்பு இருந்தால் மக்கள் வாக்குச்சாவடிக்கு வராமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் பி.பி.சி. தலைமையிடம் முறையிட, நேரத்தைத் தள்ளி வைத்தார்கள்.

வண்டிக் காட்சிக்குத் திரும்புவோம், ஏனென்றால் பூட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. மூன்று அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கு பணம்: வண்டி, குதிரை, சாமான் போட்டுவைக்கும் யார்டு எல்லாம் அப்பாவின் பிடியில். இரண்டாவது கடமை: கிழவனைத் தனியே விட்டுப் போனால் ஏதாவது ஆகிவிடும் என்ற குற்ற உணர்வு. அதை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேண்டிய நேரத்தில் பயன்படுத்துவார். மூன்றாவதுதான் ஆழமானது: வெளியே போனால் தன்னால் முடியாது என்று மகனுக்கே உள்ளுக்குள் தெரியும். வண்டி நகராததற்குப் பாரம் பாதிக் காரணம், அவன் பயம் மீதி. பணப் பூட்டு மட்டும் இருந்தால் ஹெரால்டுக்கு வேறு வேலை கிடைத்த அன்றே கதை முடிந்துவிடும். கடமை மட்டும் இருந்தால் அது அழுகைத் தொடர். மூன்றும் சேர்ந்ததால்தான் இத்தனை வருடம் தாங்கியது.

ஆகவே மூன்றாவது எபிசோடை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் இரண்டு பாத்திரங்களில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கியம். ஒன்று, இவன் இங்கிருந்து போனால் கையை விட்டுப் போகும் பொருள் என்ன. இரண்டு, இவன் போனால் மற்றவனுக்கு என்ன கேடு, அது இவனுக்கு ஏன் உறுத்துகிறது. மூன்று, போகாமலிருக்க இவன் யாரிடமும் சொல்லாத காரணம் என்ன. மொத்தம் ஆறு வாக்கியம். இதில் மூன்றாவது வகை வாக்கியத்தைப் பாத்திரம் தன் வாயால் எந்த எபிசோடிலும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பூட்டு திறந்துவிடும். முதல் எபிசோடிலேயே ‘உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கா’ என்று வசனம் வைப்பது புதிதாக எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

பூட்டு எப்போதும் ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. டிக் கிளமென்ட்டும் இயன் லா ஃப்ரெனேவும் எழுதிய ‘பாரிட்ஜ்’ஜில் அது நிஜப் பூட்டு: சிறை அறை. பழம் தின்று கொட்டை போட்ட கைதி ஃப்ளெட்சருடன், முதல்முறை உள்ளே வந்த இளைஞன் காட்பர். ‘எ நைட் இன்’ என்ற எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே அறையில் ஓர் இரவில் நடக்கிறது. இரண்டு கட்டில், இரண்டு பேர், பேச்சு. சம்பவம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனாலும் சிறை இரவைத் தாண்ட முடியாத பயத்தில் ஒருவன் இருக்கிறான், அதை மற்றவன் கவனித்துவிட்டான் என்பதே அரை மணியைத் தூக்கி நிறுத்துகிறது. செட்டுக்குச் செலவு செய்ய வசதியில்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

1999-ல் சேனல் 4-ல் வந்த ‘ஸ்பேஸ்ட்’ வேறு வகைப் பூட்டு வைத்தது. டிம், டெய்சி இருவரும் அறிமுகமாகிக் கொஞ்ச நாள்தான். தம்பதிகளுக்கு மட்டும் என்று விளம்பரம் வந்த வீட்டுக்காகக் கணவன் மனைவி போல நடிக்கிறார்கள். டிம் காமிக்ஸ் வரைபவன், டெய்சி எழுத்தாளராக ஆசைப்படுகிறவள். பூட்டு அந்தப் பொய்தான். ஒருவர் வெளியேறினால் இருவருக்கும் வீடு போகும். இதை எழுதிய சைமன் பெக், ஜெசிகா ஸ்டீவன்சன் இருவரே அந்தப் பாத்திரங்களிலும் நடித்தார்கள். பொய்யைப் பூட்டாக வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அது பழசாகப் பழசாகப் பலவீனமாகும், கடைசியில் வெளிப்பட்டே ஆக வேண்டும். இரண்டு சீசன், 14 எபிசோடோடு நிறுத்திக்கொண்டதில் அதற்கும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. நீங்கள் ஆறு எபிசோடுதான் எழுதுகிறீர்கள் என்றால் பொய்ப் பூட்டு தாராளமாகப் போதும்.

‘பீப் ஷோ’ 2003 முதல் 2015 வரை ஒன்பது சீசன், 54 எபிசோட். குராய்டனில் ஒரு ஃப்ளாட், கல்லூரி நாள் நண்பர்கள் இருவர். வேலைக்குப் போய் வரி கட்டும் மார்க்குக்குச் சொந்தமான வீடு. இசைக்கலைஞன் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஜெரமிக்குப் போக வேறு இடமில்லை. மேலே பார்த்தால் இது வாடகைப் பூட்டு. ஆனால் மார்க்கின் மனக்குரல் நமக்குக் கேட்பதால், தன்னைவிட மோசமான ஒருவன் பக்கத்து அறையில் இருப்பது அவனுக்குத் தேவையாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. சொல்லாத காரணத்தை வசனத்தில் வைக்காமல் மனக்குரலில் வைத்தார்கள். கேமரா பாத்திரத்தின் கண்ணாகவே இருப்பதால் அது பொருந்தியது. சாதாரணக் கேமரா கோணத்தில் எடுக்கும் தொடரில் மனக்குரலை மட்டும் கடன் வாங்கினால் ஒட்டாது.

பூட்டு ஆயிற்று. இனி ஒவ்வொரு எபிசோடுக்கும் என்ன வேண்டும் என்றால், கையால் தொடக்கூடிய ஒரு பொருள். கருத்து வேற்றுமையில் சண்டை போட்டால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசுவார்கள், அவ்வளவுதான். பொருளில் சண்டை போட்டால் கையும் காலும் வேலை செய்யும். 1972-ல் வந்த ‘டிவைடட் வி ஸ்டாண்ட்’ என்ற ஸ்டெப்டோ எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வீட்டுக்கு என்ன பெயின்ட், என்ன வால்பேப்பர் என்பதில் தகராறு தொடங்குகிறது. பேசித் தீராமல் ஹெரால்ட் வீட்டின் நடுவே தட்டி அடித்துவிடுகிறான். வாசலிலிருந்து எல்லாம் இரண்டு பாதி. ஒருவர் பகுதியைத் தாண்டி மற்றவர் போக வேண்டிய இடத்தில் காசு போட்டால் சுழலும் கேட். டிவிப் பெட்டியும் நடுவில் மாட்டிக்கொண்டு ஆளுக்குப் பாதித் திரை. மகன் பாலே நடனம் பார்க்க வேண்டும் என்கிறான், அப்பாவுக்குப் பேய்ப்படம். ஒரே பெட்டியில் இரண்டு சேனல் ஓடாது.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதியவர்கள் தட்டியோடு திருப்தியடையவில்லை என்பது. தட்டி அடித்ததும் ‘இனி எதெதைப் பிரிக்க முடியாது?’ என்று யோசித்துப் பட்டியல் போட்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. பிரிக்க முடியாத ஒவ்வொரு பொருளும் ஒரு சீன். கடைசியில் வீட்டில் தீப்பிடிக்க, அந்தச் சுழல் கேட்டே உள்ளே வருகிறவர்களுக்கு இடைஞ்சல். பாதியில் வேடிக்கையாக வந்த பொருள் முடிவில் ஆபத்தாக வருகிறது. பிறகு ஆஸ்பத்திரியிலும் அடுத்தடுத்த கட்டில். உங்கள் எழுத்தாளர்களிடம் பிரிக்க முடியாத பொருள் என்ன இருக்கிறது என்று இப்போதே எழுதத் தொடங்கலாம்: ஒரே லேப்டாப், ஒரே மேசை, ஒரே மின்னஞ்சல் முகவரி, போஸ்டரில் எந்தப் பெயர் முதலில் வரும் என்பது, முன்பணமாக வந்த ஒரே காசோலை. இதில் ஒவ்வொன்றும் ஓர் எபிசோட் தாங்கும். இரண்டை ஒரே எபிசோடில் திணித்தால் இரண்டும் வீணாகும்.

மூன்றாவது ஆள் எப்போது வர வேண்டும் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கதை நகரவில்லை என்றதும் காதலி, வீட்டுக்காரர், சித்தப்பா என்று ஆள் சேர்க்கத் தோன்றும். வெளியாள் வந்ததும் ஜோடியின் கவனம் அவர் பக்கம் போய்விடும், இருவருக்குள் இருந்த இழுவிசை தளர்ந்துவிடும். வெளியாள் வரலாம், ஆனால் அவர் இந்த ஜோடியையே இன்னொரு கோணத்தில் காட்ட வேண்டும். அதே 1972-ல் வந்த ‘தி டெஸ்பரேட் அவர்ஸ்’ஸில் சிறையிலிருந்து தப்பிய இரண்டு கைதிகள் ஸ்டெப்டோ வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஓர் இளையவர், ஒரு முதியவர். இளைய கைதியாக வருவது லெனர்ட் ராசிட்டர். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை, கணப்பும் இல்லை. சிறையே இதைவிட வசதி என்ற நிலை. இளைய கைதியும் ஹெரால்டும் பேசப் பேச, கிழவனைச் சுமந்துகொண்டு திரியும் இரண்டு ஆயுள் கைதிகள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரிகிறது. புதிதாக வந்த ஜோடியால் பழைய ஜோடியின் பூட்டு இன்னும் இறுகியது. இப்படி ஒரு பயன் இல்லாத விருந்தாளியை வெட்டிவிடுங்கள்.

யார் ஜெயிப்பது என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எபிசோடும் ஒருவனே தோற்றால் பார்ப்பவருக்கு அவன்மேல் இரக்கம் வந்து மற்றவன்மேல் வெறுப்பு வரும், சிரிப்பு நின்றுபோகும். ஸ்டெப்டோவில் எந்தப் போட்டியானாலும் பெரும்பாலும் கிழவர்தான் ஜெயிப்பார். அதனாலேயே பல எபிசோடுகளில் அவர் தனிமைக்குப் பயப்படும் ஒரு நொடியை எங்காவது வைத்தார்கள். ஜெயிக்கிறவனுக்கு ஒரு பயம், தோற்கிறவனுக்கு ஒரு கெட்ட குணம். ஹெரால்ட் பந்தாக்காரன், அப்பாவைப் பார்த்து வெட்கப்படுகிறவன் என்பதால் அவன் விழும்போது நம்மால் சிரிக்க முடிகிறது. இதில் வயது வித்தியாசத்தைவிட நிலை வித்தியாசமே முக்கியம். ‘தி ஆஃபர்’ ஒளிபரப்பானபோது அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெலுக்கு 49 வயது, மகனாக நடித்த கார்பெட்டுக்கு 36. பதின்மூன்று வயது இடைவெளியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் கதையின் தனிச் சிக்கல்: இருவரும் எழுத்தாளர்கள். எழுதுவது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. இரண்டு பேர் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பதை அரை மணி காட்ட முடியாது. இதற்கு இரண்டு தீர்வுகள் ஏற்கனவே செய்து காட்டப்பட்டிருக்கின்றன.

ஒன்று, எரிக் மார்கம், எர்னி வைஸ் என்ற காமெடி ஜோடியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எடி பிரேபன் எழுதிய ஃப்ளாட் காட்சிகள். 1969-ல் அவர் அந்த ஜோடிக்கு எழுத வந்தபோது இருவரையும் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில்கூட வைத்தார். எரிக் மார்கம் தயங்க, லாரலும் ஹார்டியும் அப்படிச் செய்திருக்கிறார்களே என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். எர்னி தன்னைப் பெரிய நாடகாசிரியராக நினைத்து எழுதிக்கொண்டே இருப்பார். எரிக்குக்கு வேலை இல்லை, அறையைச் சுற்றி வருவார், ஜன்னலைப் பார்ப்பார், தொந்தரவு செய்வார். எழுதுகிறவன் ஒருவன், எழுதவிடாதவன் ஒருவன். வேலையைக் காட்டாமல் வேலைக்கு வரும் இடைஞ்சலைக் காட்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. எர்னி எழுதிய நாடகம் நிகழ்ச்சியின் கடைசியில் பெரிய விருந்தினர் நடிகரோடு மேடையேறும். எழுத்தின் லட்சணத்தை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம்.

இரண்டாவது ‘பிளாக் புக்ஸ்’. டைலன் மோரனும் கிரஹாம் லினஹனும் உருவாக்கியது, 2000 முதல் 2004 வரை சேனல் 4-ல் 18 எபிசோட். லண்டன் ப்ளூம்ஸ்பரியில் ஒரு புத்தகக் கடை, மேலே வீடு. முதலாளி பெர்னர்ட் குடிகாரன், மனிதர்களையே பிடிக்காதவன். உதவியாள் மேனி நல்லவன். வேலையும் தங்கும் இடமும் ஒரே ஆளிடம் மாட்டிக்கொண்டவன். மூன்றாவது சீசனில் ‘எலிஃபன்ட்ஸ் அண்ட் ஹென்ஸ்’ என்ற எபிசோடில் இருவரும் சேர்ந்து குழந்தைகள் புத்தகம் எழுத உட்காருகிறார்கள். உங்கள் கதையே அதில் ஓர் இழையாக ஓடுகிறது. முதல் பிரதி மலைபோல் தடித்த கட்டு: ஸ்டாலின் காலக் களையெடுப்பில் தப்பிய ஒரு கல்வியாளரின் நினைவுகள். இது குழந்தைக்கு ஆகாது என்று மேனி ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறான். கல்வியாளர் இருந்த இடத்துக்கு ஒரு யானை வருகிறது, அவர் இழந்ததெல்லாம் போய் யானை தொலைத்த பலூன் வருகிறது. கட்டு சில பக்கமாகச் சுருங்குகிறது. திருத்தம் என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சியாகிவிட்டது, ஏனென்றால் காகிதத்தின் தடிமன் மாறுகிறது, யானை மாதிரி படம் மனதில் வருகிறது. பிறகு புத்தகம் பெரிதாக வெற்றி பெற்றால் என்னவாகும் என்று கற்பனை செய்து, புகழால் தங்கள் ஜோடி சிதறும் என்று பயந்து எழுதியதை எரித்துவிடுகிறார்கள். வெற்றியே பூட்டை உடைக்கும் என்பதால் வெற்றியை அழிக்கிறார்கள். எழுத்தாளர் ஜோடியின் ஆறாவது எபிசோட் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஸ்கிரிப்டுக்கும் இதே விதி: அவர்கள் எழுதும் கதையை ஒரே வரியில் சொல்லக்கூடியதாக வையுங்கள். ஒவ்வொரு சீனிலும் அந்த வரியில் ஒரு சொல் மாற வேண்டும். மாற்றிய ஆள் யார் என்பதில் அந்த சீனின் வெற்றி தோல்வி இருக்க வேண்டும்.

அளவு பற்றி. பி.பி.சி.யில் விளம்பரம் இல்லாததால் அரை மணி எபிசோட் 30 நிமிடத்தை ஒட்டி வரும். விளம்பரம் உள்ள சேனலில் 24, 25 நிமிடம். பி.பி.சி. ஸ்டுடியோ ஸ்கிரிப்ட் இடைவெளி விட்டு டைப் செய்யப்படுவது, அதனால் அரை மணிக்கு 65 பக்கம் போல வருவது வழக்கம். ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ ஸ்கிரிப்ட் இதைப்போல இரண்டு மடங்கு தடிமன். ஒரு ஸ்கிரிப்டுக்குச் சுமார் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அதில் முதல் இரண்டு, இரண்டரை வாரம் வசனமே எழுதாமல் சம்பவக் கோவைக்கு மட்டும். மொத்தமே 12 எபிசோடுதான், 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. நம் சினிமாக்காரர்கள் சொல்லும் சீன் ஆர்டரை முடிக்காமல் வசனத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு இது சரியான சாட்சி. நல்ல வசனம் ஒன்று வந்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதற்காகவே தப்பான சீனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம். ஒருவர் எழுதினாலே இது நடக்கும். இருவர் எழுதும்போது, அது யாருடைய வசனமோ அவர் அந்த சீனுக்கு வக்கீலாகிவிடுவார்.

செட் கணக்கையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ சிட்காம் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து, ஒரு மாலையில் ரசிகர்கள் முன்னால் பதிவாகும். செட்டுகள் பக்கம் பக்கமாக நின்றன, அதனால் இரண்டு, மூன்று இடங்களில் கதை அடங்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தால்தான் ஸ்டெப்டோ வீட்டின் கூடத்தில் எலும்புக்கூடு, பதப்படுத்திய கரடி என்று சாமான் நெருக்கி நின்றது. வெளியே போக முடியாதபோது அறையே கதை சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு கூடம், ஒரு சமையலறை, வாசல் போதும். ஆனால் அந்தக் கூடத்தில் இருக்கும் பத்துப் பொருள் எவருடையது என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்ந்து எழுதும் முறைக்கு வருவோம். பிரிட்டிஷ் ஜோடிகள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதவில்லை. கால்டனும் சிம்ப்சனும் ஒரே அறையில், அலுவலக நேரம் போல உட்கார்ந்து எழுதினார்கள். டைப் செய்தது சிம்ப்சன். இருவரும் ஒப்புக்கொள்ளாத வரி காகிதத்தில் ஏறாது. மௌனமாகவே நெடுநேரம் ஓடும். ‘டாட்ஸ் ஆர்மி’ எழுதிய ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் கதையைச் சேர்ந்து பேசி முடித்துவிட்டு, ஆளுக்கொரு எபிசோடை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டில் எழுதினார்கள். ‘பீப் ஷோ’வின் ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங், சாம் பெய்ன் இருவரும் சீன் சீனாகக் கதையைச் சேர்ந்து போட்டு, ஸ்கிரிப்டைப் பிரித்து எழுதி, பிறகு மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார்கள்.

முதல் முறையில் குரல் ஒன்றாக வரும், வேகம் குறைவு. பாத்திரங்கள் இரண்டே பேர் என்றால் இதுதான் பாதுகாப்பு. இரண்டாவது முறை கூட்டமாகப் பாத்திரங்கள் உள்ள தொடருக்கு ஏற்றது, ஏனென்றால் ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சும் முன்பே உறுதியாகியிருக்கும். மூன்றாவதில் ஒரு நிபந்தனை: திருத்துகிறவர் முதலில் எழுதியவரிடம் அனுமதி கேட்கக் கூடாது, எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கவும் கூடாது. உங்களுக்கு அடுத்த இரண்டு எபிசோடை முதல் முறையில் எழுதி, பாத்திரங்களின் குரல் பிடிபட்டதும் மூன்றாவது முறைக்கு மாறச் சொல்வேன். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ‘அவன் வசனம் நீ, இவன் வசனம் நான்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அவரவர் பாத்திரத்தைத் தோற்கவிட மாட்டீர்கள்.

ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது? வாக்கெடுப்புக்கு வழியில்லை, இருவர்தானே. சிம்ப்சன்–கால்டன் முறையில் மறுப்பவருக்கே அதிகாரம்: ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த வரி போய்விடும், வாதாடக் கூடாது. வாதாடி ஜெயித்த வரி படிக்கும்போது தெரிந்துவிடும். மறுப்பவர் மாற்று வரி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மறுக்கவே பயப்படுவார்கள், அதையும் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் விரல் வைத்திருப்பவருக்கு அவரறியாமலே கூடுதல் அதிகாரம் வந்துவிடும், ஆகவே எபிசோடுக்கு எபிசோட் ஆளை மாற்றுங்கள்.

பெயர் வரிசை, பணப் பங்கு இரண்டையும் அடுத்த எபிசோடைத் தொடங்குவதற்கு முன் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாதிப் பாதி என்றால் எல்லா எபிசோடுக்கும் பாதிப் பாதி. இதில் நான் நிறைய எழுதினேன், அதில் நீ எழுதினாய் என்ற கணக்கு தொடங்கினால் ஒருவர் தன் வரிகளை எண்ணத் தொடங்குவார். பிரிட்டிஷ் சட்டத்தில் கூட்டுப் படைப்பை வேறொருவருக்கு உரிமம் தர இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். ஒருவர் பிரிந்துபோனாலும் அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஆகவே ஒருவர் விலகினால் பாத்திரங்கள் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிளீஸும் பூத்தும் 1978-ல் விவாகரத்து பெற்றவர்கள். இரண்டாவது சீசன் வந்தது 1979-ல். வேலை முறை தெளிவாக இருந்தால் வாழ்க்கை பிரிந்த பிறகும் ஸ்கிரிப்ட் நடக்கும்.

உரிமையை முன்பே எழுதி வைக்க இன்னொரு காரணமும் உண்டு: வெளிநாட்டில் மறு ஆக்கம் என்பது கற்பனை இல்லை. ஸ்டெப்டோ அமெரிக்காவில் ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ ஆகி 1972 முதல் 1977 வரை ஓடியது. நாடு, நிறம், பேச்சு எல்லாம் மாறியும் பூட்டு மாறவில்லை.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ‘தி ஆஃபர்’, வசனத்தைவிட வண்டியைக் கவனித்து. அடுத்து ‘எ நைட் இன்’, செட்டை மாற்றாமல் நேரத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று. பிறகு ‘டிவைடட் வி ஸ்டாண்ட்’, கையில் பேனாவோடு, பிரிக்க முடியாத பொருள்களைக் குறித்துக்கொண்டு. கடைசியாக ‘எலிஃபன்ட்ஸ் அண்ட் ஹென்ஸ்’. நாலும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். நாலையும் பார்த்து முடித்ததும் அந்த ஆறு வாக்கியத்தை எழுதிவிட்டு, மூன்றாவது எபிசோடின் முதல் சீனை லேப்டாப் ஒன்றுதான் இருக்கிறது என்ற இடத்தில் தொடங்குங்கள்.